களிமண் பொம்மை என்ன உடுத்தியிருக்கிறது? புதிய கற்கால உருவங்களைப் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கொலுவின் மேல்படியில் ஒரு மரப்பாச்சி ஜோடி நிற்கும். செம்மரத்தில் செதுக்கியது. பாட்டியின் கல்யாணத்துக்கு வந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது வெறும் கட்டைதான்: கண், மூக்கு, இடுப்பைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு, அவ்வளவே. அம்மா பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கொசுவம் வைத்துக் கட்டி, பாசிமணி கோத்துக் கழுத்தில் போட்ட பிறகுதான் அது பெண்ணும் மாப்பிள்ளையும் ஆகும். கொலு முடிந்ததும் துணி தனியாக, மணி தனியாக, கட்டை தனியாகப் பெட்டிக்குள் போய்விடும்.

அந்த ஜோடி மரமாக இல்லாமல் சுட்ட களிமண்ணாக இருந்து, மண்ணுக்குள் புதைந்து, ஏழாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் தோண்டி எடுத்தால்? துணி மக்கியிருக்கும், நூல் அறுந்து மணிகள் எங்கோ சிதறியிருக்கும். கையில் கிடைப்பது அம்மணமான ஒரு பொம்மை. "இந்த மக்கள் ஆடை உடுத்தவில்லை" என்று அவர் எழுதினால் அது எவ்வளவு பெரிய பிழை!

புதிய கற்கால உருவங்களைப் பார்க்க ஆரம்பிக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த மரப்பாச்சிக் கதையைத்தான். இந்த உருவங்கள் அக்கால ஆடையைப் பற்றி நிறையச் சொல்கின்றன. ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும், இணையத்தில் படம் பார்த்தாலும், கீழே சொல்லும் வரிசையில் போனால் தடுமாற்றம் குறையும்.

முதல் படி: ஊரும் காலமும்

"புதிய கற்காலம்", அதாவது மக்கள் பயிரிட்டு ஓரிடத்தில் ஊராகக் குடியிருக்கத் தொடங்கிய காலம், எல்லா ஊரிலும் ஒரே தேதியில் வந்ததல்ல. துருக்கியில் உள்ள சாத்தல்ஹோயுக்கில் கி.மு. 7100 முதல் கி.மு. 6000 வரை மக்கள் வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டி வாழ்ந்தார்கள். செர்பியாவில் டான்யூப் கரையில் உள்ள வின்ச்சாவின் பண்பாடு ஏறக்குறைய கி.மு. 5400 முதல் கி.மு. 4500 வரை. பலுசிஸ்தானின் மெஹர்கரில் கி.மு. 7000 அளவிலேயே விவசாயம் தொடங்கிவிட்டது. மால்டா தீவின் கற்கோயில்களோ கி.மு. 3600-க்குப் பிந்தியவை. ஒரு ஊரின் பொம்மையை வைத்து இன்னொரு ஊரின் உடையைச் சொல்ல முடியாது. மதுரைச் சேலையைப் பார்த்துவிட்டுக் காஷ்மீரில் என்ன உடுத்தினார்கள் என்று சொல்வது போலாகிவிடும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1908-இல் ஆஸ்திரியாவில் கிடைத்த வில்லண்டார்ஃப் சிலையையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். பதினோரு சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தச் சுண்ணாம்புக்கல் பெண்ணின் தலையில் இருப்பது சுருள் முடியா, பின்னிய தொப்பியா என்ற விவாதம் சுவையானதுதான். ஆனால் அது பழைய கற்காலம், வேட்டைக்காரர்களின் உலகம். அதற்கும் வின்ச்சாவுக்கும் இடையே இருபதாயிரம் ஆண்டுக்கும் மேல் இடைவெளி.

இரண்டாம் படி: எது பழையது, எது ஒட்டியது

சாத்தல்ஹோயுக்கின் மிகப் புகழ்பெற்ற உருவம், இரண்டு சிறுத்தைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பருத்த பெண். ஜேம்ஸ் மெல்லார்ட் 1961-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தது, இப்போது அங்காராவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் தலை நம் காலத்தில் செய்து வைத்தது. கண்டெடுத்தபோது தலை இல்லை. ஆகவே அந்தத் தலையைப் பார்த்துக் கூந்தல் அலங்காரம் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது. படத்தின் கீழே உள்ள குறிப்பைப் படித்து, எந்தப் பகுதி சீரமைக்கப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: கோடுகளைப் பிரித்து வரையுங்கள்

சரி, இப்போது பென்சில் எடுங்கள். உருவத்தின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு மூன்றையும் தாளில் பெரிதாக வரையுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆடையின் முடிச்சு, பின்னல், கயிற்று நுனி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நன்றாக வரைய வராவிட்டாலும் பரவாயில்லை. கை வரையும்போதுதான் கண் பார்க்கிறது.

வரையும்போது நான்கு வகைக் குறிகளுக்கு நான்கு நிறம் வையுங்கள்: களிமண் ஈரமாக இருக்கையில் கீறிய கோடு, மேலே பூசிய வண்ணம், தனியாக உருட்டி ஒட்டிய மண் திரி, துளை. விரிசலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் தொடங்கிய நாட்களில் ஒரு படத்தில் இடுப்பைச் சுற்றிய ஒரு கோட்டைக் கச்சை என்று குறித்துவைத்திருந்தேன். வேறு கோணத்தில் எடுத்த படம் கிடைத்தபோதுதான் அது உடைந்து ஒட்டிய இடம் என்று புரிந்தது. கீறிய கோட்டின் விளிம்பு மழுங்கி, ஓரத்தில் மண் சற்றே மேலெழுந்து நிற்கும். உடைந்த கோடு கூராக, கோணல்மாணலாக ஓடும்.

இதைப் பழக வின்ச்சாவை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மிலோயே வாசிச் என்ற செர்பிய ஆய்வாளர் 1908-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். அந்த ஒரு மேட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வரும் வகை ஒன்றைச் சொல்கிறேன். ஐங்கோண வடிவில் முகமூடி போன்ற முகம், பெரிய பாதாம் கண்கள், வாய் இல்லை. கைகள் குட்டையாகப் பக்கவாட்டில் நீண்டு துண்டாக நிற்கும். கழுத்தின் கீழே இரண்டு கோடுகள் சாய்ந்து வந்து நடுமார்பில் கூடும், நம் ஊரில் "வி" கழுத்து என்று தைப்பார்களே, அப்படி. இடுப்பில் கிடைக்கோடுகள் உடலைச் சுற்றி ஓடும். அதற்குக் கீழே முன்புறத்தில் மட்டும் ஒரு கட்டம், அதற்குள் நெடுக்குக் கோடுகள். சிலவற்றில் கீறலுக்குள் வெள்ளைப் பசை நிரப்பியிருப்பார்கள். கறுத்த மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். இன்னும் சிலவற்றில் சிவப்புத் தடம் இருக்கும்.

இதில் ஆடை எங்கே? கழுத்துக் கோடு மேல்சட்டையின் வாய். இடுப்புக் கோடு கச்சை அல்லது பட்டை. முன்புறக் கட்டம், இடுப்பிலிருந்து தொங்கும் முன்றானைத் துண்டு. செர்பியாவின் பிளோச்னிக் என்ற இடத்தில் கிடைத்த வின்ச்சா உருவங்களில் குட்டைப் பாவாடையும், வயிறு தெரியும் குட்டை மேல்சட்டையும், கையில் வளையும் தெரிந்தன. அச்செய்தி 2007-இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பத்திரிகைகள் அதை நவநாகரிகம் என்று கொண்டாடின. எனக்கு அதை விடப் பெரிதாகத் தெரிந்தது வேறு: மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டாக உடை இருந்திருக்கிறது. முழுத்தோலை எடுத்துப் போர்த்துவதற்கும், உடம்புக்கு ஏற்றபடி துண்டு துண்டாகப் பிரித்து உடுத்துவதற்கும் நடுவே நீண்ட பழக்கம் இருக்கிறது.

நான்காம் படி: துணியா, பச்சைகுத்தலா?

கடினமான படி இதுதான். உடம்பில் ஓடும் கோடு நெய்த துணியாக இருக்கலாம், பச்சை குத்தியதாக இருக்கலாம், உடலில் பூசிய காவியாகவும் இருக்கலாம். ருமேனியா, மால்டோவா, உக்ரைன் பகுதிகளில் பரவியிருந்த குக்குத்தேனி–திரிப்பில்லியா பண்பாட்டின் ஆரம்பக்கால உருவங்களைப் பாருங்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஓர் இடம் விடாமல் கோடு. வயிற்றில் சாய்சதுரம், பின்புறத்தில் சுருள், தொடையில் வரிவரியாக. துணி என்று சொல்வோரும் உண்டு, பச்சை என்று சொல்வோரும் உண்டு.

நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். கோடு எங்காவது ஓர் ஓரத்தில் சட்டென்று முடிகிறதா? ஆடைக்குக் கரை உண்டு. கோடுகள் தொடையில் வந்து எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் அது விளிம்பு. இரண்டாவது, கோடு உடம்பின் வளைவைப் பின்பற்றுகிறதா, மீறுகிறதா? இரண்டு காலையும் சேர்த்து ஒரே கோடு ஓடினால் அது பாவாடை. ஒவ்வொரு காலையும் தனியாகச் சுற்றினால் தோலாக இருக்கலாம், காலுறையாகவும் இருக்கலாம். மூன்றாவது, அந்த இடத்தில் களிமண் கொஞ்சமாவது தடித்திருக்கிறதா? துணிக்குக் கனம் உண்டு, பச்சைக்குக் கிடையாது.

மூன்றுக்கும் தெளிவான விடை தரும் உருவம் மால்டாவில் இருக்கிறது. ஹல் சஃப்லியேனி என்ற நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த "உறங்கும் பெண்". பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கீழே கையை வைத்துத் தூங்குகிறாள். இடுப்புக்கு மேலே ஆடையில்லை. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பாவாடை மணிபோல் விரிகிறது, அடியில் குஞ்சம் போன்ற ஓரம். இரண்டு காலும் ஒரே துணிக்குள். அந்தத் துணி அவள் உடம்பிலிருந்து விலகி விரிந்து கிடக்கிறது. செய்தவர் கையில் துணியின் கனம் தெரிந்திருக்கிறது. முதன்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது வெகுநேரம் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பச்சைகுத்தலை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்சி என்ற மனிதர் ஏறக்குறைய கி.மு. 3300-ஐச் சேர்ந்தவர். அவர் தோலில் 61 பச்சைக்குறிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் சிறுசிறு கோட்டுக் கட்டுகள். ஆக, ஐரோப்பாவில் அப்பழக்கம் இருந்தது உறுதி. கோடு வகையைப் பிரிக்க முடியாவிட்டால் "துணியோ பச்சையோ" என்றே குறித்துவிட்டு நகருங்கள். அது தோல்வியல்ல.

ஐந்தாம் படி: துளைகளை எண்ணுங்கள்

வின்ச்சா உருவங்களின் முக ஓரத்திலும் தோளிலும் கைத்துண்டின் நுனியிலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கயிறு கோத்துத் தொங்கவிடவா, இறகும் முடியும் துணியும் செருகவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் துளை என்பது "இங்கே இன்னொரு பொருள் இருந்தது" என்று சொல்லும் இடம். மரப்பாச்சிக்கு அம்மா கட்டும் ரவிக்கைத் துண்டு போல.

காதுத் துளைக்கு மட்டும் நேரடியான சாட்சி இருக்கிறது. பல்கேரியா, ருமேனியாப் பக்கத்தில் சற்றுப் பிந்திய செம்புக்கால உருவங்களில் ஒரு காதிலேயே பல துளைகள், கீழுதட்டின் கீழேயும் வரிசையாகத் துளைகள். இது வெறும் அலங்காரமா என்று கேட்டால், வார்னாவுக்குப் போக வேண்டும். கருங்கடல் கரையில் 1972-இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்த இடுகாடு கி.மு. 4600-க்கும் கி.மு. 4300-க்கும் இடைப்பட்டது. அங்கே சில குழிகளில் ஆள் இல்லை. மனித முகம் போல் களிமண்ணில் வனைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மண்முகத்தின் நெற்றியிலும் காதிலும் வாயருகிலும் தங்கம். பொம்மையில் துளையாக இருந்தது, அங்கே நகையாகவே இருக்கிறது.

ஆறாம் படி: மற்றச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

பொம்மையை மட்டும் கேட்டு முடிவெடுப்பது ஒருதலை விசாரணை. நூல், மணி, தக்களி, எலும்பு எல்லாவற்றையும் கேட்க வேண்டும். புதியவர்கள் இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் மொத்த வேலையின் உயிர்.

முதலில் நார். சாக்கடல் அருகே நஹால் ஹேமார் என்ற குகையில் 1983-இல் நடந்த அகழாய்வில், ஆளிச்செடி நாரில் முடிச்சுப் போட்டு வலைபோல் பின்னிய தொப்பி ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆண்டுப் பழையது. வறண்ட குகை என்பதால் மக்காமல் பிழைத்தது. ஆகவே ஒரு பொம்மையின் தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கோடு இருந்தால், முடி என்று உடனே எழுதாமல் வலைத்தொப்பியையும் ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தல்ஹோயுக்கின் பெரும்பாலான பெண் உருவங்கள் அம்மணம். ஆனால் அதே ஊரில், எரிந்த வீடுகளுக்குக் கீழே புதைத்தவர்களைச் சுற்றி நெய்த துணி கருகிய நிலையில் கிடைத்திருக்கிறது. அது ஆளி நாரா, கம்பளியா என்று 1960-களிலிருந்து விவாதம். 2021-இல் வெளியான ஆய்வு, பரிசோதித்த துண்டுகள் ஓக் மரப்பட்டையின் உள்நாரால் ஆனவை என்று காட்டியது. மரவுரி என்ற சொல் நமக்குப் புராணத்திலிருந்து தெரியும். இது அடித்து விரித்த பட்டையல்ல, பட்டையிலிருந்து நாரைப் பிரித்து நூலாக்கிப் பாவும் ஊடையுமாக நெய்தது. பொம்மை அம்மணம், ஊர் அம்மணமல்ல.

கம்பளிக்கு ஓர் எச்சரிக்கை. புதிய கற்கால ஆடுகளுக்கு இன்றைய செம்மறி போல் நீண்ட கம்பளி கிடையாது, முரட்டு முடிதான். கம்பளிக்காக ஆடு வளர்ப்பது கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு அளவில்தான் பெருகியது என்பது பரவலான கருத்து. எனவே கி.மு. 5000-த்துப் பொம்மையின் பாவாடையைக் கம்பளி என்று எழுதாதீர்கள்; ஆளி, மரநார், தோல் இவற்றை நினையுங்கள்.

அடுத்தது தக்களி. கீழடிச் செய்திகளில் இந்தச் சொல்லைப் படித்திருப்பீர்கள்: நடுவில் துளையிட்ட சுடுமண் வில்லை. குச்சியில் செருகிச் சுழற்றி நூல் முறுக்கும் கருவியின் எடை. தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் களிமண் எடைகளும் உண்டு. பொம்மை கிடைத்த அதே அடுக்கில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கீறிய கோட்டைத் துணி என்று படிப்பதற்கு ஒரு பக்கபலம்.

இப்போது மணி. நம் துணைக்கண்டத்தின் மெஹர்கரைச் சொல்லாமல் விட முடியாது. ஜான்-பிரான்சுவா ஜாரீஜ் 1974 முதல் அங்கே அகழாய்வு நடத்தினார். அந்த ஊர் உருவங்களில் பின்னாளில் மண் திரி உருட்டிக் கழுத்துமாலையாக ஒட்டியிருப்பார்கள்; அடுக்கடுக்கான மாலை, பெரிய கொண்டை. அவற்றுக்கு மிக முந்திய கல்லறைகளிலேயே கடற்சிப்பி, லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல், டர்க்காய்ஸ் என்னும் பச்சைநீலக் கல், மாக்கல் மணிகள் இறந்தவர் உடம்பிலேயே கிடைத்தன. கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. சிப்பி அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

அதில் ஒரு கல்லறை. காலை மடக்கிக் கிடத்திய ஓர் ஆண், அவர் காலருகே ஒன்றிரண்டு வயதுக் குழந்தை. அவருடைய இடது மணிக்கட்டருகே எட்டுச் செம்பு மணிகள், ஒரு காலத்தில் கைவளையாக இருந்தவை. ஒரு மணியை வெட்டி உள்ளே பார்த்தபோது, செம்பின் களிம்பு ஊறிக் கெட்டியாகிப்போன நூல் இருந்தது. பருத்தி நூல். கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டு. மற்ற எல்லா மணியிலும் மக்கிப்போன நூல், அந்த ஒரு மணிக்குள் பிழைத்திருக்கிறது. மண் திரி மாலையைப் பொம்மையின் கழுத்தில் பார்க்கும்போதெல்லாம், அதற்கு உள்ளே ஓடியிருக்க வேண்டிய நூலை எனக்கு நினைவுபடுத்துவது அந்த மணிதான். அப்புறம், நகை என்றாலே பெண் என்று எழுதும் பழக்கத்தையும் அது தடுக்கும்.

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்வது ஸ்பாண்டிலஸ் என்னும் முட்சிப்பி. ஏஜியன், ஏட்ரியாட்டிக் கடல்களில் எடுத்து வளையாகவும் மணியாகவும் அறுத்தவை, பாரிஸ் சமவெளிக் கல்லறைகள் வரை போயிருக்கின்றன. பொம்மையின் கையைச் சுற்றி ஒரு தடித்த வட்டம் கண்டால், அது இந்தச் சிப்பி வளையா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கயிற்றுப் பாவாடைக்கும் இப்படி ஒரு சாட்சி உண்டு, ஆனால் காலம் தள்ளி. கிழக்கு ஐரோப்பிய உருவங்கள் சிலவற்றில் இடுப்பிலிருந்து நெருக்கமாகக் கயிறுகள் தொங்குவது போல் கோடுகள் உண்டு. இப்படி ஒன்றை உடுத்த முடியுமா என்று சந்தேகம் வரலாம். டென்மார்க்கின் எக்ட்வேடில் 1921-இல் திறந்த ஓக் மரச் சவப்பெட்டியில், கி.மு. 1370-ஐச் சேர்ந்த ஓர் இளம்பெண் கம்பளிக் கயிற்றுப் பாவாடையோடே கிடைத்தாள். அது வெண்கலக் காலம், நேரடி ஆதாரமல்ல. உடுத்தக்கூடிய ஒன்றுதான் என்பதற்கு மட்டும் ஆதாரம்.

ஏழாம் படி: அன்றாட உடையா, விழா உடையா?

சாத்தல்ஹோயுக்கின் சுவரோவியங்களில் வேட்டையாடுவோர் இடுப்பில் புள்ளித்தோல் கட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் அனைவரும் சிறுத்தைத்தோல் என்றார்கள். ஆனால் ஊர் முழுக்கத் தோண்டியும், மலைமலையாக விலங்கு எலும்பு எடுத்தும், சிறுத்தை எலும்பு அகப்படவில்லை. இயன் ஹாடர் 1993-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு நகம். ஒரு பெண்ணின் கல்லறையில், துளையிட்டுத் தொங்கலாகச் செய்தது. எங்கும் வரைந்திருந்தார்கள், ஊருக்குள் கொண்டுவர மட்டும் தயங்கினார்கள் போலிருக்கிறது. படத்தில் நிறைய இருப்பதால் தெருவிலும் நிறைய இருந்தது என்று கொள்ளக் கூடாது.

பொம்மைகளுக்கும் இதே கதிதான். செய்தவர் எதைக் காட்ட நினைத்தார்? தெய்வத்தையா, முன்னோரையா, குழந்தை விளையாட்டையா? எல்லாமே தாய்த்தெய்வம் என்ற பழைய எண்ணத்தைத் தொல்லியல் ஆய்வாளர் பீட்டர் அக்கோ 1968-லேயே கேள்வி கேட்டார். ஆணா பெண்ணா என்றே தெரியாத உருவங்களும் ஏராளம். ஆகவே "பெண்கள் இதை உடுத்தினார்கள்" என்பதை விட "இந்த ஊரில் இப்படி ஓர் உடை தெரிந்திருந்தது" என்று எழுதுவது நேர்மை.

எட்டாம் படி: குறிப்பு எழுதுங்கள்

ஓர் உருவத்துக்கு அரைப்பக்கம் போதும். கண்ணால் கண்டது முதலில், ஊகம் பிறகு, துணைச் சாட்சி கடைசியில். மூன்றையும் கலக்காமல் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். என் நோட்டில் இருக்கும் ஒன்றை அப்படியே தருகிறேன்:

"உறங்கும் பெண், ஹல் சஃப்லியேனி, மால்டா. சுடுமண், 12 செ.மீ. கண்டது: மேலுடம்பில் ஆடைக்கோடு எதுவும் இல்லை; இடுப்பிலிருந்து விரியும் பாவாடை; அடியோரம் குஞ்சமாகவோ மடிப்பாகவோ; சிவப்புக் காவித் தடம். ஊகம்: கனமான துணி அல்லது தோல், நெசவு என்று சொல்லப் போதுமான கோடு இல்லை. துணைச் சாட்சி: அதே தீவின் தார்ஷியன் கோயிலில் உள்ள பெரிய கற்சிலையிலும் மடிப்புப் பாவாடை, அதிலும் இடுப்புக்குக் கீழே மட்டுமே கிடைத்திருக்கிறது. பின்பக்கப் படம் இன்னும் பார்க்கவில்லை."